சரி என்று சொன்னது யார் என்று கேட்ட செலின் அக்கா

செலின் அக்காவின் தம்பி சூசை தொலைபேசியில் அழைத்து, “அக்கா போயிட்டா” என்றார். எங்கே போனார் என்று நான் கேட்டேன். அடக்கம் எத்தனை மணிக்கு என்று அவர் சொன்னார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

சுசீந்திரத்தில் எங்கள் தெருவில் செலின் அக்காவிடம் மீன் வாங்காத வீடு குறைவு. மணக்குடியிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். சாளை, நெத்திலி, கிடைத்தால் விளமீன். தெருமுனையில் அவர் குரல் கேட்டதும் பூனைகள் எழுந்து நிற்கும். இவ்வளவும் உங்களுக்கு நினைவிருக்கும். கூடையோடு கூட அவர் ஒரு கேள்வியையும் முப்பது வருடம் சுமந்தார். அது உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சூசையைக் கடலிலிருந்து கரையேறிய கையோடு பிடித்துக்கொண்டு போனார்கள். படகில் எதையோ கடத்தினார் என்று வழக்கு. சாதாரண வழக்காக இருந்தால் ஜாமீன் கேட்டிருக்கலாம். இதுவோ நாடாளுமன்றம் தற்காலிகமாகக் கொண்டுவந்த ஒரு சட்டம். அதில் ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமில்லாதது போலத்தான் இருந்தது. இரண்டு வருடம்தான் அதன் ஆயுள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் சொன்னாராம். இரண்டு வருடம் முடியும்போது அதை நீட்டினார்கள்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சாமான் பொதிந்து வந்த தாள்களை வாசித்து வாசித்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். வீட்டுக் கணக்கை நாள் தவறாமல் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டு, “எழுதி வைக்கியவ பொய் சொல்ல மாட்டா” என்று என்னையே பேப்பர் வாசிக்கச் சொன்னார். அந்த நீட்டிப்பு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது என்று போட்டிருந்தது.

“அப்படின்னா என்ன மக்கா?”

“சரிங்கிறவிய எல்லாம் சரின்னு சத்தமாச் சொல்லுவாவ. வேண்டாங்கிறவிய வேண்டாம்னு சொல்லுவாவ. எந்தச் சத்தம் பெருசோ அது செயிச்சிரும்.”

“சரின்னு சொன்னது யாருன்னு பேரு போட்டிருக்கா?”

“பேரு எழுத மாட்டாவளாம் எக்கா.”

அக்கா கூடையைக் கீழே இறக்கினார். “எங்க கடப்புறத்துல ஒரு கூடைச் சாளைய ஏலம் போட்டாலும் வெல கேட்டது யாருன்னு ஏலக்காரனுக்குத் தெரியும். நாளைக்கு அவன் நான் கேக்கலன்னு சொல்ல முடியாது, கேட்டியா. எந்தம்பியக் கொண்டு உள்ள போட்டதுக்கு ஒரு ஆளு பேரு இல்லியா?”

அதற்குப் பிறகு ஒரு தேர்தலில், முன்பே எம்.பி.யாக டெல்லியில் இருந்த ஒருவர் ஜீப்பில் ஓட்டுக் கேட்டு வந்தார். அக்காவைப் பார்த்து, “என்னம்மா, நல்ல மீன் இருக்கா?” என்றார்.

“மீனு கெடக்கட்டும். அந்தச் சட்டத்த நீட்டும்போ நீங்க சரின்னியளா, வேண்டாம்னியளா?”

அவர் சிரித்துக்கொண்டே, “அன்னைக்கு நான் டீ குடிக்கப் போயிருந்தேன்” என்றார்.

“அப்பம் டீக்கடைக்காரனுக்கு ஓட்டுப் போடுதேன். அவனாவது எடத்துல இருப்பான்.”

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா சிரிக்கவில்லை. சட்டம் மறுபடியும் ஒருமுறை நீண்டது.

இனி எழுதப்போவது என் தவறு. ஒரு காலையில், அந்தச் சட்டம் நீட்டப்படவில்லை, காலாவதியாகிறது என்று பெரிய எழுத்தில் செய்தி. பேப்பரும் கையுமாகத் தெருவில் ஓடினேன். “எக்கா, சட்டம் செத்துப் போச்சு! தம்பி வந்திருவாரு!” அக்கா அன்றைய மீனை முழுக்கத் தெருவுக்குச் சும்மா கொடுத்தார். நான் நேர்ந்துகொண்டபடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். அக்கா புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சிறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். “சட்டம்தாம்மா முடிஞ்சுது, கேஸ் முடியலை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன்கீழ் முன்பே போட்ட வழக்குகள் தொடர்ந்து நடக்கும் என்று அந்தச் செய்தியின் கடைசியிலேயே இருந்தது. ஏழாம் பக்கம் பார்க்க என்று போட்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா வழக்கம்போல மீன் கொண்டுவந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எக்கா, நான் முழுசும் வாசிக்கல்ல.”

“நீ சந்தோசத்துல நிறுத்திட்ட. அவிய நிறுத்தல்ல” என்றார். என் சட்டியில் மீனைப் போட்டுவிட்டு, “இனி நல்ல சேதி வந்தா கடைசி வரைக்கும் வாசி மக்கா. கெட்டதுன்னா பாதியில நிறுத்தினாலும் போதும்” என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

சட்டம் போனபிறகும் பல வருடம் சூசை உள்ளே இருந்தார். கடைசியில் குற்றத்துக்குச் சாட்சியம் இல்லை என்று விட்டார்கள். அக்கா அன்று வாங்கி வைத்த புதுச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. இல்லாத சட்டம் ஒரு மனுஷனை எப்படிப் பிடித்து வைக்கும் என்று நானும் தினமும் விளக்கேற்றும்போது சுவாமியிடம் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி. பின்னாளில் மூட்டுவலியால் அக்கா வியாபாரத்தை நிறுத்தினார். ஆனாலும் ஏதாவது ஒரு தற்காலிகச் சட்டத்தை நீட்டினார்கள் என்று டிவியில் கேட்டால் போன் வந்துவிடும். “சரின்னு சொன்னது யாரு?” என்பார். ஒருமுறைகூட அவருக்கு ஒரு பெயரை என்னால் சொல்ல முடியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு, கல்லறைத் தோட்டத்தில் சூசை என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் மண் ஒட்டியிருந்தது.

“பகவதியக்கா, அந்தச் சட்டம் இனி வராதுல்லா?”

அந்த முகத்தைப் பார்த்தால் வராது என்று சொல்லத்தான் தோன்றும். முன்பென்றால் சொல்லியிருப்பேன், சொல்லிவிட்டுக் கோயிலுக்கும் ஓடியிருப்பேன்.

“தெரியல்ல தம்பி” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்த நாக்குத்தான் செலின் அக்கா எனக்கு விட்டுப்போனது. அன்று சூசைக்கு முன்னால் அது கனமாக இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.