காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் வைத்த கொசுக்கள்

இந்தப் பதிவில் வருபவை:
1. சென்னையிலிருந்து போன வழி
2. கொசுவைப் பிடித்ததும் வைத்த இடமும்
3. வெள்ளிக்கிழமை கெட்டுப்போன சோதனை
4. எல்லாருக்கும் நல்லதாக வந்த முடிவு
5. இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

எழுபதுகளின் நடுவில் மலேரியா மறுபடி தலைகாட்டியபோது, டி.டி.டி. மருந்துக்குக் கொசு இன்னும் சாகிறதா என்று பார்த்து வரச் சொல்லி அலுவலகத்தில் என்னைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். ஆவணி மாதம். ஒரு நெசவாளர் தெருவில் திங்கட்கிழமை வீடு வீடாக மருந்து அடிக்க ஏற்பாடாகியிருந்தது. கொசு சாகவில்லை என்று நான் சொன்னால் அது நிற்கும். தனியாக முடிவு சொல்லும் முதல் வேலை.

வியாழன் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டே கால் ரூபாய் என்று நினைவு, தவறாகவும் இருக்கலாம். மடியில் இருந்த பிளாஸ்டிக் குழாய்களைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், "இன்னா சார், வளையல் யாவாரமா?" என்றார். கொசு என்று சொல்லக் கூச்சப்பட்டு ஆமாம் என்றேன். ஒன்பதுக்குள் காஞ்சிபுரம். அங்கிருந்து அந்தத் தெருவுக்கு ரிக்‌ஷாவில் எட்டணா.

வெள்ளி விடியற்காலையில் ஏகாம்பரம் என்ற நெசவாளரின் மாட்டுக்கொட்டகையில் டார்ச் அடித்து, உறிஞ்சுகுழலால் கொசு பிடித்தேன். சோதனை எளிது. பாதிக் கொசுவை மருந்துத்தாள் சுருட்டிய குழாயிலும், மீதியை வெறும் தாள் சுருட்டிய குழாயிலும் ஒரு மணி நேரம் அடைத்து, பிறகு ஒரு நாள் முழுக்கக் குளுமையான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் தாள் கொசுக்கள் உயிரோடு இருந்தால்தான் சோதனை செல்லும்.

நான் தங்கிய லாட்ஜில் தகரக் கூரை. அடுப்பு மாதிரி காய்ந்தது. நான் விழிப்பதைக் கண்ட ஏகாம்பரம், "எந் தம்பியோட தறி சும்மாத்தான் கெடக்குது. அந்தக் குழியில வை சார், ஜில்லுனு இருக்கும்" என்றார். நெசவாளி கால் விட்டு உட்காரும் அந்தக் குழி ஈரமும் இருட்டுமாக, எனக்கென்றே வெட்டியது போலிருந்தது.

அவர் உதவியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. தெளித்தால் மருந்து வெள்ளையாகப் பட்டில் படியும். பாதி நெய்த பாவு நூலைத் தறியிலிருந்து கழற்றவும் முடியாது. மணிக்கொரு தரம் குழியை எட்டிப் பார்த்து, "இன்னா சார், நம்ம ஆளுங்க சௌக்கியமா?" என்பார்.

அவர் மனைவி கஸ்தூரி சிரிக்க மாட்டார். அவர்களுடைய ஐந்து வயது மகளுக்கு இரண்டு முறை குளிர்சுரம் வந்திருந்தது. "சேலை போனா இன்னொண்ணு நெய்யலாம்யா" என்றார் ஒருமுறை. ஏகாம்பரம் ஊடு நூல் ஓடும் நாடாவைத் தறியில் வீசினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாய்களை எடுத்தேன். இரண்டிலும் எல்லாம் செத்துக் கிடந்தன. குழியிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது.

"நேத்து தூபக்காலைக் குழியில வெச்சீங்களா?" என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமைன்னா வெக்காம? ஓடாத தறிக்குத்தான் சார் மொதல்ல காட்டணும். இல்லன்னா அது கோவிச்சிக்கும்."

மருந்து அடிக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தாரோ என்று ஒரு நொடி சந்தேகப்பட்டேன். கேட்கத் தைரியமில்லை. குழியில் புகை ஆகாது என்று நான் ஏகாம்பரத்திடம்தான் சொல்லியிருந்தேன், கஸ்தூரியிடம் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஞாயிறு விடியலில் மறுபடி பிடித்து, பத்து மணிக்குக் குழியில் வைத்தேன். இந்த முறை கஸ்தூரியே ஈரத்துணி போட்டு மூடி, யாரையும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார். என் சந்தேகம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

திங்கள் ஒன்பது மணிக்கே பம்புகளோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். பத்து வரை பொறுக்கச் சொன்னேன்.

"கொசு தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நாங்க நிக்கணுமா சார்?" என்றார் மேஸ்திரி. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது டீயும் வாங்கினேன்.

பத்துக்குத் துணியை விலக்கினேன். வெறும் தாள் கொசுக்கள் உயிரோடு இருந்தன. மருந்துத்தாள் கொசுக்களிலும் நாலைந்து தவிர எல்லாம் குழாயின் சுவரில் தொற்றிக்கொண்டு நின்றன. தட்டினேன், பறந்தன.

"காஞ்சிபுரத்துக் கொசு சார், லேசுல சாவாது" என்று ஏகாம்பரம் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆட்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கஸ்தூரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எதுக்குத்தான் சார் இது சாவும்?"

"வேற மருந்து வரும்மா."

"எப்போ?"

நான் குழாய்களைப் பையில் அடுக்கினேன். ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றது. தறியில் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் நாடாவை எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஊர் வெயிலை நம்பாதீர்கள், குழாய் வைக்கக் குளுமையான இடத்தை முதல் நாளே பாருங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். வைக்கும் வீட்டில் ஆணிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

எழுதியதை மேலிருந்து ஒருமுறை படித்தேன். நான்காவதாக, 'எல்லாருக்கும் நல்லதாக வந்த முடிவு' என்று போட்டது தவறு. சேலை முடிந்தது, என் வேலையும் தப்பியது. அந்தக் கொசுக்கள் கஸ்தூரியின் வீட்டிலேயே இருந்தன.