விடியும் வரை நடக்கும் என்று நினைத்த நாடகம்

எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. இதில் எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள். சின்னவன் சிரிக்காமல் படி.

உங்கள் அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பிறகு, நீங்கள் இரண்டு பேரும் விழுப்புரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தீர்கள். நான் திண்டிவனம் பைபாஸில், பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் இருந்தேன். லாரிகள் வந்து நிற்கிற இடம். பெண் பிள்ளையை வைத்துக்கொள்ளத் தோதான இடம் இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கைக் கறையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, பத்து மணி பஸ் பிடித்து விழுப்புரம் வருவேன். முதல் ஐந்தாறு மாதம் நீங்கள் தெருமுனையில் நிற்பீர்கள். பிறகு வாசலில் நின்றீர்கள். அதற்கும் பிறகு நான் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்த்தீர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவள் நீ எனக்குக் காபி கொண்டுவந்தாய். பூப் போட்ட பீங்கான் கப், அடியில் சாஸர். அந்த வீட்டில் எல்லாரும் டம்ளரில்தான் குடிப்பார்கள். வெளியாள் வந்தால் மட்டும்தான் அந்தக் கப் வெளியே வரும்.

குடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது ஒன்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது. நீங்கள் என்னோடு இரண்டு நாள் முழுசாக இருக்க வேண்டும். நான் வந்து போகிறவனாக இல்லாமல், நாம் மூன்று பேரும் சேர்ந்து எங்காவது போய்வருகிறவர்களாக இருக்க வேண்டும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

அதைப் பெரியவள் நீயே சொன்னாய். அடுத்த வாரம் போனில், "எங்க தமிழ் மிஸ் சொன்னாங்கப்பா. மெட்ராஸ்ல பசங்களுக்குன்னே ஒரு நாடகம் போடறாங்களாம். அதுல ஆடு பேசுமாம்" என்றாய். நீ என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. போனை வைத்த கையோடு நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை காலை ரயில். எழும்பூரில் இறங்கி மியூசியம். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் ஆறரைக்கு நாடகம். நாடகம் முடிந்ததும் பீச்சுக்குப் போய்க் கடலில் சூரியன் எழுவதைப் பார்ப்பது. பிறகு இட்லி, ரயில், வீடு.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்கு இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரியாது. நான் ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். அம்மன் கோயில் திருவிழாவில் பத்து நாள் கூத்து நடக்கும். சாப்பிட்டுவிட்டுப் பாயோடு போய் உட்கார்ந்தால், கோழி கூவின பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு வருவோம். நாடகம் பார்ப்பது என்றால் ஒரு ராத்திரி. அதற்குக் குறைச்சலாக ஒரு நாடகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆறரைக்கு என்று போட்டிருந்ததைப் பார்த்தபோதுகூட, மைக் சரிபார்த்து, பெரிய மனிதர்களுக்குச் சால்வை போட்டு முடிக்கவே எட்டரை ஆகும் என்றுதான் கணக்குப் பண்ணினேன்.

நாடகத்துக்கு டிக்கெட் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பொண்ணு மூன்று டிக்கெட் போட்டு என் போனுக்கு அனுப்பிவிட்டு, "ரூம் எதுனா பாக்கணுமாண்ணே?" என்று கேட்டது.

"வேணாம்மா. நாடகம் முடியறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"ஓ" என்றது. எனக்குப் பின்னால் ஆதார் கார்டோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

உங்கள் அம்மாவுக்கும் போனில் திட்டத்தைப் படித்துக் காட்டினேன். அவளும் நம்ம பக்கத்து மனுஷிதானே. "பாய் எடுத்துக்கினு போங்க. அங்கலாம் தரை எப்டி இருக்குமோ" என்றாள். "விடியக்காலம் சின்னவனுக்குத் தலைக்கு எதுனா கட்டுங்க. வறுத்த மல்லாட்டை ரெண்டு படி எடுத்துக்குங்க, கடலை கொறிச்சிக்கினே இருந்தா தூக்கம் வராது."

"பாய உள்ள வுடுவாங்களா?"

"ஏன் வுட மாட்டாங்க? காசு குடுத்துதான போறீங்க."

கடைக்கு டயர் கழற்ற வந்த பஸ் டிரைவர் ஒருவரிடமும் விசாரித்தேன். "அண்ணே, மெட்ராஸ்ல காலைல அஞ்சு மணிக்கு பீச்சுக்கு பஸ் இருக்குமா?"

"அஞ்சு மணிக்கு பீச்சுல உனுக்கு இன்னாயா வேல? மீன் யாவாரம் எதுனா ஆரம்பிச்சிட்டியா?"

"புள்ளைங்களோட போறேன்" என்றேன். அதைச் சொல்லிக்கொள்வதற்காகவே நான் பலரிடமும் வழி கேட்டேன் என்று நினைக்கிறேன். இரண்டு வாரமும் அந்தத் தாள்தான் எனக்குத் துணை. ராத்திரி லாரி வந்து எழுப்பினால், பஞ்சர் ஒட்டிவிட்டு வந்து படுத்துத் தாளை ஒருமுறை பார்ப்பேன். ரயிலில் ஜன்னல் சீட்டில் யாரை உட்கார வைப்பது என்பதற்குச் சண்டை வரும், போகும்போது சின்னவன், வரும்போது பெரியவள் என்று அதையும் எழுதி வைத்தேன்.

போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் வந்து, எல்லாரையும் உட்கார வைத்து வாசித்தேன். சூரியன் எழுவது வரை வந்ததும் நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"நாடகம் முடிஞ்சி எப்டிப்பா சூரியன் வரும்?"

"விடிஞ்சிடும் இல்ல?"

"அப்பா, அது ஒன்றரை மணி நேரம்தான்ப்பா. எட்டு மணிக்கு முடிஞ்சிடும்."

நான் தாளையே பார்த்தேன். உங்கள் பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "இன்னா சகலை, அம்மன் கோயில் கூத்துன்னு நெனச்சிக்கினியா? பாய் சுருட்டிக்கினு கெளம்பிட்டியா?"

"ரெண்டு படி மல்லாட்டை வேற வறுக்கச் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சின்னவன் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். அவர் சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். நீ குனிந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் பெரியம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ஏன் தம்பி, நாடகம் எத்தினி மணி நேரம்னே தெரியாம, மெட்ராஸ்ல ராத்திரில புள்ளைங்கள எங்க வெச்சிக்கினு நிப்ப?" என்று கேட்டார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. அப்ப அன்னிக்கே திரும்பிடறோம். எட்டு மணிக்கு கெளம்புனா பதினொன்றரைக்கு திண்டிவனம். காலைல கொண்டாந்து விட்டுடறேன்."

"எங்க, அந்தக் கடைக்குப் பின்னாலயா?"

நான் தாளை மடிக்க ஆரம்பித்தேன்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. வயசுக்கு வந்த புள்ள. சின்னவனுக்கு வேற சளி கட்டிக்கினு இருக்குது. தங்கச்சி வந்தப்புறம் எல்லாருமா போலாம்."

அக்கா சொன்னதில் தப்பு இல்லை. அவர் பொறுப்பில்தானே நீங்கள் இருந்தீர்கள். ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு ஒழுங்காகத் திட்டம் போட்டிருந்தால், ஒரு ரூம் போட்டிருந்தால், அவரும் விட்டிருப்பார். எனக்கு அதில்தான் வருத்தம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நீ போகணும் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

"பெரியம்மா சொல்றது சரிதாம்ப்பா" என்றாய். நான் செருப்புப் போடும்போது மட்டும் வாசலுக்கு வந்து, "டிக்கெட்டு வேஸ்ட்டாயிடும் இல்ல. நீங்க போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாய்.

அதனால்தான் நான் தனியாகப் போனேன். மியூசியத்துக்குப் போகவில்லை, பீச்சுக்கும் போகவில்லை. காலையில் கடையில் இருந்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஏறி, நாடகத்துக்கு மட்டும் போனேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். ஒன்றையும் விடாமல் பார்த்து உனக்குச் சொல்ல வேண்டும்.

வாசலில் ஒரு பெண் என் போனை வாங்கிப் பார்த்தார். "மூணு டிக்கெட் இருக்கு சார். மத்தவங்க?"

"வரலைங்க."

"அப்ப ஒண்ணு மட்டும் ஸ்கேன் பண்ணட்டுமா?"

"மூணையும் பண்ணிடுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உள்ளே ஏசி. எல்லா நாற்காலிக்கும் நம்பர் இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலி. முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள், அவர்களோடு வந்தவர்கள். பிள்ளை இல்லாமல் வந்தவன் நான் ஒருத்தன்தான் போல. பின்வரிசைக் குழந்தை ஒன்று தன் அம்மாவிடம், "இந்த அங்கிள் யார் கூட வந்திருக்காரு?" என்று கேட்டது. அந்த அம்மா "ஷ்" என்றார்கள்.

நாடகம் சொன்ன நேரத்துக்கே ஆரம்பித்துவிட்டது. சால்வை யாருக்கும் போடவில்லை. ஒரு ஊரில் மழை இல்லை. ஒரு ஆடு, மழையைக் கூட்டி வரப் போகிறேன் என்று கிளம்புகிறது. அதை வளர்த்த சிறுமி பின்னாலேயே போகிறாள். ஆட்டுக்கு வேஷமே கிடையாது. ஒரு பையன் சாதாரணச் சட்டையோடு, இரண்டு காதுக்கு இரண்டு கையை வைத்துக்கொண்டான், ஆடு ஆகிவிட்டான். ஆறு வந்தது. இரண்டு பேர் நீலத் துணியை ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டினார்கள். துணிதான் என்று தெரிந்தும், சிறுமி கால் வைத்தபோது நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "பாரு, பாரு" என்று சொல்ல வலது பக்கம் திரும்பினேன். நாற்காலி மடங்கிக் கிடந்தது.

கடைசியில் விளக்கைக் குறைத்துவிட்டு, பார்க்கிற நம்மையே மழை பெய்யச் சொன்னார்கள். முதலில் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும். பிறகு இரண்டு விரல், மூன்று, அப்புறம் கை முழுசும். அரங்கம் முழுக்கத் தட்டினார்கள். நானும் தட்டினேன். கண்ணை மூடினால் ஓட்டு வீட்டின் மேல் மழை பெய்கிற சத்தம், அப்படியே. பிறகு ஒவ்வொரு விரலாகக் குறைத்தார்கள். மழை விட்டது. விளக்கைப் போட்டார்கள். மணி எட்டுகூட ஆகவில்லை.

மறுநாள் ஞாயிறு. வழக்கமான பஸ்ஸில் விழுப்புரம் வந்தேன். மத்தியானம் சாப்பாடு முடிந்து பெரியம்மா படுத்துவிட்டார், பெரியப்பா வெளியே போயிருந்தார். நீ என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்கப்பா" என்றாய். சின்னவன் கட்டிலில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மழை இல்லாத ஊர், ஆடு, சிறுமி. கையைக் காதில் வைத்து ஆடு மாதிரி பேசிக் காட்டினேன். உன் கண் என்மேலேயே இருந்தது. ஆற்றைச் சொல்ல என் துண்டையே எடுத்து ஆட்டினேன். நீ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாய். ஒரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்ததில்லை.

அப்போது சின்னவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்காவுக்கு இந்தக் கதை தெரியும்ப்பா. அவங்க மிஸ் போய்ட்டு வந்து கிளாஸ்ல ஃபுல்லா சொல்லிட்டாங்க. வெள்ளிக்கெழமயே எங்கிட்ட சொல்லிட்டா. கடைசில எல்லாரும் கை தட்டுனா மழ பெய்யும்" என்றான்.

நீ அவனை முறைத்தாய். "சும்மா இர்றா."

நான் துண்டின் என் முனையை விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்த கதையைத்தான் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய். ஊரிலிருந்து வருகிறவர்கள் பழைய சமாசாரத்தையே திருப்பிச் சொன்னாலும், முகம் கோணாமல் கேட்டுக்கொள்வோமே, அப்படிக் கேட்டாயா? இல்லை, நான் சொல்லிக் கேட்கணும் என்றே உட்கார்ந்தாயா? அப்போது கேட்டிருக்கலாம்.

"தெரியும்னா விட்டுடலாம்மா" என்றேன்.

நீ எழுந்து போகவில்லை. உன் கையில் துண்டின் முனை இருந்தது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மீதியையும் சொன்னேன்.