காசிமேட்டில் ஒரு குருவிக் குடும்பத்தின் இடமாற்றம்

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கொய்யா மரமும் ஒரு துவைக்கிற கல்லும் இருக்கின்றன. அங்கே வந்து போகிற பறவைகளைப் பற்றிப் போதும் போதும் என்கிற அளவுக்கு இந்த வலைப்பதிவில் எழுதியிருக்கிறேன். தேன்சிட்டு செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும். கொண்டைக்குருவி கொய்யாவில் நல்ல பாதியைத் தின்றுவிட்டு மீதியை எங்களுக்கு விட்டுவைக்கும். செண்பகம் வந்து உட்கார்ந்தால் என் கணவர் போனில் பேசுவதை நிறுத்துவார், அதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும். சிட்டுக்குருவி மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. கம்பு இறைத்தேன், குருணை இறைத்தேன், கடையில் விற்கிற மரக்கூட்டை வாங்கி மாட்டினேன். அதில் எறும்பு குடியேறியது.

அலுவலகத்தில் இதைச் சொல்லிப் புலம்பியபோது என் பக்கத்து மேசை மல்லிகா சிரித்துவிட்டாள். அவள் காசிமேட்டுக்காரி. அண்ணன் தேசிங்குக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகு சும்மா நின்ற அந்த இரண்டு மாதத்தில், கேபின் மேலே இருந்த உடைந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு குருவி ஜோடி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. “நீ காசு குடுத்து வூடு வாங்கி மாட்டினா வராதுக்கா. நாங்க தொரத்தினாலும் போவாது” என்றாள் மல்லிகா. வயிறு எரிந்தது. தடைக்காலத்தின் கடைசி நாளான ஜூன் 14 அன்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவ்வளவு தூரம் போகும்போது எண்ணூரையும் பார்த்துவிடுவது என்று முடிவு. முதல் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், பத்து ரூபாய். எதிரே சென்ட்ரலில் மெட்ரோ பிடித்து விம்கோ நகர். அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநர் என் கேமராப் பையைப் பார்த்துவிட்டு, கல்யாண ஆர்டரா என்று கேட்டார். பறவை என்றேன். “குருவி புடிக்க இம்மாம் பெரிய கேமராவா? செல்போன்லயே நல்லா வருமே மேடம்” என்றார். என் லென்ஸின் விலையை அவரிடம் சொல்லவில்லை.

முகத்துவாரத்தில் ஆறரை முதல் எட்டு வரை வெளிச்சம் அருமை. எனக்கு மிகவும் பிடித்த மாடல் செம்பருந்து. தண்ணீரில் மிதக்கும் மீன் கழிவை அது இறங்கி அள்ளிக்கொண்டு போகிற வேகத்துக்கு, கேமராவை நொடியில் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு வேகத்தில் வைத்தால்தான் சிறகு கலங்காமல் விழும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் காற்றில் நின்றுகொண்டு போஸ் கொடுத்தது. பின்னணியில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி வராமல் எடுக்க முதலில் நெளிந்து பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். பறவைக்கே அதில் ஆட்சேபம் இல்லாதபோது எனக்கு என்ன?

பத்து மணிக்குப் பேருந்தில் காசிமேடு. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தால் கல்யாண வீட்டுப் பரபரப்பு. படகுகளில் டீசல் நிரப்புகிறார்கள், வலை ஏற்றுகிறார்கள், ஐஸ் அரைக்கிற இயந்திரத்தின் முன்னால் வரிசை. அன்று இரவே எல்லாப் படகுகளும் கடலுக்குக் கிளம்பும். முதலில் போய் முதலில் திரும்புகிறவருக்குத்தான் நல்ல விலை என்பதால், ஐஸ் வரிசையில் இடம் பிடிப்பது பெரிய விஷயம். தேசிங்கு முன்வரிசையில் இருந்தார். இரண்டு மாதமாக வருமானம் இல்லாத முகம், ஆனாலும் சிரித்த முகம்.

படகு கடலுக்குப் போனால் குஞ்சுகள் என்ன ஆகும்? அதற்கு நான்கு நாளாக அண்ணனும் தங்கையும் வேலை பார்த்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டியை அப்படியே கழற்றி, முதல் நாள் தங்கள் படகின் முன்பக்கம் வைத்திருக்கிறார்கள். தாயும் தகப்பனும் தேடி வந்து இரை கொடுத்தன. அடுத்த நாள் கொஞ்சம் தள்ளி, அதற்கடுத்த நாள் பக்கத்தில் ஒட்டி நின்ற படகின் ஓரத்தில், பிறகு அதன் கேபின் மேலே. அந்தப் பக்கத்துப் படகில் எஞ்சினே இல்லை, பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எஞ்சின் இல்லாத படகு கடலுக்குப் போகாது, அதைவிடப் பத்திரமான இடம் எது என்பது தேசிங்கின் கணக்கு. நானும் மெச்சிக்கொண்டேன். மூன்று மஞ்சள் வாய்கள் பெட்டி ஓட்டையில் தெரிகிற மாதிரி இருபது படம் எடுத்தேன்.

மத்தியானம் மல்லிகா வீட்டில் வஞ்சிரம் குழம்பு. தடைக்காலம் ஆயிற்றே, இது ஏது என்று கேட்டேன். ஃபைபர் படகுக்குத் தடை கிடையாதாம். மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது தேசிங்கின் படகுக்குப் பக்கத்தில் தண்ணீர்தான் இருந்தது.

காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நாலைந்து வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமானால் வழியில் நிற்பதை நகர்த்த வேண்டும். எல்லாரும் கிளம்புகிற நாளில் முதலில் நகர்த்தப்படுவது கிளம்பாத படகுதான். வேறொரு படகு அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், முந்நூறு மீட்டர் தள்ளி எதிர்க்கரையில் விட்டிருக்கிறது. அதற்குக் கயிறு அவிழ்த்து வீசியவரே தேசிங்குதான். ஐஸ் அவசரத்தில், கூப்பிட்டார்கள், வீசிவிட்டார். பெட்டி நினைவுக்கு வரவில்லை.

ஆண் குருவி தேசிங்கின் கேபின் மேலே, ஸ்பீக்கர் பழைய நாளில் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. கொடுக்க ஆள் இல்லாமல் அதைக் கவ்வியபடியே இங்கும் அங்கும் தாவியது. பெண் குருவி தண்ணீருக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே என்றேன். வந்தால் எங்கே வைப்பது என்று மல்லிகா கேட்டாள். இந்தப் படகு ராத்திரி போய்விடும். கரையிலே மனிதக் கூட்டம், கூடைக்கு ஒரு பூனை. பெட்டி குருவியிடம் வர முடியாது, குருவிதான் பெட்டியிடம் போக வேண்டும்.

தேசிங்கு ஒரு நிமிடம் ஐஸ் வரிசையைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இரண்டே படகுகள். பிறகு, குருவி உட்கார்ந்திருக்கிற படகையே அங்கே கொண்டு போய்விடலாம் என்று எங்களை ஏறச் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார். மல்லிகாவுக்கு வந்ததே கோபம். “ரெண்டு மாசம் குந்திகினு இருந்துட்டு, கெளம்புற நாள்ல குருவிக்கு ஊர்கோலமா? வுட்டா வரிசையில கடைசிதான்.” சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தவளும் அவள்தான்.

படகு நகர்ந்ததும் ஆண் குருவி எகிறிப் பறந்தது. ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அதே கேபின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதற்கு அந்தப் பச்சைக் கேபின்தான் முகவரி. அப்படியே, வாயில் புழுவோடு, துறைமுகத்தின் நடுவே எங்களோடு சவாரி வந்தது. எதிர்ப்பட்ட படகுக்காரர்கள் திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள்.

எஞ்சின் இல்லாத படகுக்கு இருபதடி தூரத்தில் வந்தும் அது இறங்கவில்லை. பெட்டி கண்ணெதிரே இருக்கிறது, இருந்தும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது. தேசிங்கு சட்டென்று எஞ்சினை அணைத்தார். அத்தனை படகு போய் வரும் வழியில் எஞ்சினை அணைப்பது நெடுஞ்சாலை நடுவில் லாரியை நிறுத்துகிற மாதிரி. பின்னால் வந்த படகு ஹாரன் அடித்தது. தேசிங்கு வெளியே வந்து அவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“ரெண்டு நிமிஷம் சும்மா இருங்கப்பா. குஞ்சு கத்துறது அதுக்குக் கேக்கணும்.”

எந்தக் குஞ்சு என்று தெரியாமலே அவர்களும் எஞ்சினை அடக்கினார்கள். அப்போதுதான் எங்களுக்கும் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து கீச்கீச் என்று மெலிசாக, விடாமல். ஆண் குருவி தலையைச் சாய்த்தது. ஒரே பாய்ச்சல், பெட்டிக்குள் போய்விட்டது. பின்னாலேயே எங்கிருந்தோ பெண் குருவியும் வந்து சேர்ந்தது. மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றாள். எனக்கும் வெயில்தான். அந்தக் கணத்துக்கு என்னிடம் இருப்பது, ஓட்டைக்குள் போகிற ஒரு வால் மட்டும் தெரிகிற படம். இதுவரை நான் எடுத்ததில் அதுதான் எனக்குப் பிடித்தது.

ஐஸ் வரிசையில் தேசிங்குக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. இரவு எல்லாருக்கும் பின்னால் போனதாக மறுநாள் மல்லிகா சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: எண்ணூருக்குக் காலையிலேயே போய்விடுங்கள், எட்டரைக்கு மேல் வெயில் கொல்லும். தண்ணீர் கையோடு வேண்டும். காசிமேட்டில் யாரையும் படம் எடுக்கும் முன் கேளுங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள், வேலை நடக்கிற வழியில் நிற்காதீர்கள். வீட்டுக்குக் குருவி வர வேண்டுமென்றால் புதுக் கூட்டை வார்னிஷ் வாசனை போகும்வரை வெயிலில் போட்டு, எட்டடி உயரத்தில், மின்விசிறிக்குத் தள்ளி மாட்டுங்கள். ஓட்டை ஒன்றேகால் அங்குலம் இருந்தால் மைனா நுழையாது. பக்கத்தில் ஒரு புதர், தட்டையான பாத்திரத்தில் தண்ணீர், குருணை. நைலான் நூலைக் கண்ணில் காட்டாதீர்கள், குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும். இவ்வளவும் செய்துவிட்டு, அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டியதுதான். வீடு எது என்பதைக் குருவிதான் முடிவு செய்கிறது.

ஜூலை முதல் வாரம் தேசிங்கு கரையில் இருந்த நாளில் போன் செய்தேன். மீன்பாடு எப்படி என்று முதலில் கேட்டேன், சுமார் என்றார். குஞ்சுகள் மூன்றும் பறந்துவிட்டனவாம். அந்தப் பெட்டியைச் சுத்தம் செய்து அதே எஞ்சின் இல்லாத படகில் விட்டிருக்கிறார். ஆனால் பெண் குருவி அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு தடவை அவர் கரைக்கு வரும்போதும் வைக்கோலைக் கவ்விக்கொண்டு அவர் கேபினுக்கே வந்துவிடுகிறதாம். கிளம்பும் முன் அவர் அந்த வைக்கோலை எடுத்துப் போடுகிறார். திரும்பி வந்தால் மறுபடி கொண்டு வந்து வைக்கிறது.

“இது கடலுக்குப் போற வூடுன்னு அதுக்கு யாருக்கா சொல்றது?” என்றார்.