தாய்மாமன் மடி

என் தம்பியின் வயிற்றில் இருப்பது என் சிறுநீரகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோயில் அவனுடையவை இரண்டும் போய்விட, நான் ஒன்றைக் கொடுத்தேன்.

சென்ற தை மாதம் திருக்கோகர்ணத்தில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? ஊசியைக் கண்டதும் அவள் திமிறி, அவன் அடிவயிற்றில், சரியாக அந்த இடத்தில், ஓங்கி உதைத்துவிட்டாள். “ஒண்ணுமில்லக்கா” என்று தம்பி சிரித்தான்.

பங்குனியில் அவன் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

“யூரின்ல எப்ப இருந்து ரத்தம் போகுது?” என்றார் டாக்டர்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. “காதுகுத்து முடிஞ்ச வாரத்துல இருந்துங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா பாப்பாவப் போட்டு அடிக்கும்னு சொல்லல.”

“குழந்தை ஒதைச்சு இப்படி ஆகாதுங்க. ஒங்க பழைய நோயே இந்தக் கிட்னிக்கும் வந்திருக்கு. அப்பவே வந்திருந்தா இவ்வளவு கெட்டிருக்காது.”

உதை காரணமில்லை. ஆனால் அவள் உதைக்காமல் இருந்திருந்தால் அவன் மறைத்திருக்கவும் மாட்டான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள், “மாமா!” என்று ஓடிப்போய் அவன் மடியில் ஏறினாள். அவளைத் தூக்க நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன்.