பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

என் அண்ணனுக்காக நான் கர்த்தரிடம் இரண்டு காரியங்கள் கேட்டேன். ஒன்றைத் தந்தார். மற்றதைத் தரவில்லையா, அல்லது அது நான் கேட்டிருக்கவே கூடாத ஒன்றா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

1996, ஓணத்துக்கு முந்தின வாரம். அண்ணன் பாம்பேயிலிருந்து லீவில் வந்திருந்தான். குன்னத்துகாலில் பெண் நிச்சயமாகியிருந்தது. மறு ஞாயிறு ஆலயத்தில் முதல் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எட்டி, அந்தப் பிள்ளைய ஏமாத்த என்னால முடியாது. எனக்கு ஒரு ஆள் உண்டு. ஆணாக்கும். எங்களுக்கு எந்தச் சபையிலயும் மூணு ஞாயிறு அறிவிப்பு வாசிக்க மாட்டாவ. ஆனா எனக்கு அது கல்யாணந்தான்."

என்னிடம் மட்டும் சொன்னான். நான் பயந்துபோனேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டேன். பெயர் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். 'கல்யாணம் நிச்சயமான, பாம்பேயில் வேலை செய்கிற என் அண்ணன் ஒரு ஆணோடு வாழ்கிறான், அவனை மாற்றும்' என்று எழுதினேன். எங்கள் சபையில் அப்படிப்பட்ட அண்ணன் எனக்கு மட்டும்தான் உண்டு என்பது, சங்கக் கூட்டத்தில் செயலாளர் அக்கா அதைச் சத்தமாக வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெண்ணின் அத்தை முன்வரிசையில் இருந்தார்.

அன்று சாயங்காலமே அப்பா அண்ணனின் பெட்டியை வாசலில் எடுத்து வைத்தார். போகும்போது அண்ணன் என்னைத் திட்டவில்லை. "ஜெபம் பண்ணணும்னா கடவுள்ட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே, மக்கா" என்றான்.

அதன்பின் ஒரு கடிதமும் இல்லை. நான் எழுதியவை திரும்பி வந்தன. வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எங்கள் வீட்டு முறை வந்தபோது, "பிள்ளை சிறிசுல்லா, பிறகு பாக்கலாம்" என்று தாண்டிப் போனார்கள். ஆலயத்தில் என் பெஞ்சில் இடம் மிச்சமிருந்தது. "பாம்பேக்கு விட்டா இப்பிடித்தான்" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். கணவர் காலை ரயிலில் திருவனந்தபுரம் வேலைக்குப் போய்விடுவார். பிறகு நானும் குழந்தையும்தான். பேச ஆளில்லாமல் நாள் முழுவதும் குழந்தையிடமே பேசினேன். அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை.

தினமும் இரண்டையும் கேட்டேன். அவனை மாற்றும். அவனைத் திரும்பக் கொண்டுவாரும். பிப்ரவரியில் ஒரு காலை முழங்காலில் நின்றபோது முதல் வாக்கியம் வாயில் வரவே இல்லை. "ஆண்டவரே, அவன் உயிரோடிருந்தால் போதும், மற்றதை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லி அழுதேன்.

அந்த வாரமே ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. எழுதியவர் அண்ணனின் நண்பர், அவன் அன்று சொன்ன அந்த ஆள். மலையாளத்தில் இருந்தது. அண்ணனுக்குக் கடும் மஞ்சள் காமாலை, இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி, இப்போது பயணம் செய்யலாம். 'ஆஸ்பத்திரியில் நீ யார் என்று கேட்டார்கள். தம்பி என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் வாசலில் விட்டுவிட்டு நான் திரும்பிவிடுவேன்.'

கணவரிடம் காட்டினேன். "நம்ம வீட்டுல இடம் உண்டுல்லா" என்றார். செயலாளர் அக்காவிடமும் சொல்லத் தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு, மறுபடியும் அதே தப்பைச் செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"வாசிச்சது நானாக்கும். ஸ்டேஷனுக்கு நானும் வாறேன்" என்றார் அக்கா.

நெய்யாற்றின்கரையில் ரயில் நின்றது. பாதியாக மெலிந்த அண்ணனைத் தாங்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார். அண்ணன் என்னைப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்து என் குழந்தைக்குக் கை நீட்டினான். நண்பர் பையைக் கீழே வைத்துவிட்டு, திரும்பும் ரயில் எப்போது என்று விசாரித்தார்.

"அதெல்லாம் பிறவு கேக்கலாம். வீட்டுல கஞ்சியும் பயறும் உண்டு. வாரும்" என்று அக்கா அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மூன்றாவது ஞாயிறு இருவரும் ஆலயத்துக்கு வந்தார்கள். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்ச் முழுவதும் காலியானது. முதல் பாட்டு முடியுமுன் அக்கா எழுந்து, நடுவழியைக் கடந்து, அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எந்தப் பெண்ணும் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் உடனே போகவில்லை. அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் பாட்டில்தான் குழந்தையோடு எழுந்து போனேன்.

அண்ணன் பிழைத்தான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவர்கள் பாம்பேக்குத் திரும்பிவிட்டார்கள், மாதம் ஒரு கடிதம் வருகிறது. அப்பா இன்னும் அவனிடம் பேசவில்லை. என் பெஞ்சில் இன்னும் இடம் உண்டு, ஆனால் முன்போல் பயமில்லை. பயந்து, தப்பாகக் கேட்ட என் ஜெபத்தையும் கர்த்தர் தள்ளவில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டில் சொல்ல முடியாத துக்கம் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவரை நம்பலாம். இதை அண்ணனுக்கு அனுப்பி, அவன் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

என் இரண்டாவது குழந்தைக்கு வரும் மாதம் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக அண்ணன் நிற்க வேண்டும் என்று ஆசை. யோசிக்க வேண்டும் என்கிறார் போதகர். வற்புறுத்தினால் மறுபடி அவனைச் சபை நடுவில் அவமானப்படுத்துவேனோ? பேசாமலிருந்தால் மறுபடி அவனை வாசலில் நிறுத்துவேனோ? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள். முடிந்தால், உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள்.