நாலு மணிக்குப் பிறகு

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்பக்கம் ஒரு சிறிய வீட்டில் இருந்துகொண்டு பலகாரம் செய்து விற்கிறேன். அரியதரம், பயற்றம் பணியாரம், லட்டு, முறுக்கு. கல்யாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, புது வீட்டுக் குடிபூரல் என்று எதற்குக் கேட்டாலும் செய்து கொடுப்பேன். வயது நாற்பத்தாறு. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாமத்திய வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, சனமெல்லாம் சாப்பிட்டுக் கையும் கழுவி முடிந்திருந்தது. வீட்டுக்காரி என் பலகாரக் கடகங்களைப் பார்த்தாள். "கொண்டுபோய் நீரே சாப்பிடும்" என்றாள். ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் அந்தக் கதைதான். "அவவின்ர கை நல்ல கைதான். ஆனா நேரத்துக்குத் தரமாட்டா." அதற்குப் பிறகு பெரிய ஓடர் எதுவும் என் படலையைத் திறக்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

அதனால்தான் அந்தப் பயிற்சிக்குப் போனேன். சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு நேர முகாமைத்துவம் என்று அறிவித்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளொன்றை ஆளுக்கொன்று தந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம். "உங்கட நேரத்தைக் களவெடுக்கிற ஆக்கள் ஆரார் எண்டு முதல்ல எழுதுங்கோ" என்றாள். பக்கத்தில் இருந்த தையல்காரி புருஷன் என்று எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தாள். நான் முதலாவதாகப் போன் என்று எழுதினேன். இரண்டாவதாக அப்பா என்று எழுதினேன்.

பொய் எழுதவில்லை. அப்பா குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் தம்பியோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் பத்து மணி போலப் போன் எடுப்பார். லட்டுக்குப் பாகு பதம் வரும் நேரம் அதுதான். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து தூக்கினால், "என்ன பிள்ளை, காலமை என்ன சாப்பிட்டனீ?" என்பார். பிறகு அங்கே மழையா, இங்கே மழையா. அதற்குள் பாகு இறுகிப்போகும். எத்தனை சட்டி பாகு அப்படிப் பழுதாய்ப்போனது என்று நான்தான் அறிவேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

"களவெடுக்கிற ஆக்களைத் துரத்த வேண்டாம். அவையளுக்கும் ஒரு கட்டம் குடுங்கோ" என்றாள் அந்தப் பெண். நான் நாலு மணிக் கட்டத்துக்குள் அப்பா என்று எழுதினேன். அன்றைக்கே அவருக்கும் சொன்னேன்.

"அப்பா, இனி நாலு மணிக்குப் பிறகு எடுங்கோ. அதுக்கு முதல் என்னால ஏலாது."

"ஓம் பிள்ளை, ஓம். உனக்கு வேலை தானே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட அவர் முந்தி எடுத்ததில்லை. நாலு மணிக்குப் போன் அடிக்கும். "பிள்ளை, நாலு ஆச்சு. கதைக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். வேலை நேரத்தில் போனை அலுமாரித் தட்டில் கவிழ்த்து வைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், பலன் இருந்தது. பாகு பழுதாகவில்லை. ஓடர்கள் நேரத்துக்குப் போயின. மெல்ல மெல்லச் சனம் திரும்பி வந்தது. கடைசியில் பெரிய கல்யாணமொன்றின் பலகாரம் முழுவதும் என்னிடமே வந்தது. பெண்ணின் தாய் நேரில் வந்து கதிரையில் அமர்ந்து சொன்னாள்.

"ரெண்டு மணிக்கு எங்கட வீட்டில இருக்க வேணும். பிந்தினால் எனக்கு வேண்டாம். மற்றது, சுத்தபத்தமாய் இருக்க வேணும்."

சுத்தபத்தம் என்றால் கையைக் கழுவுவது மட்டுமில்லை. எங்களில் சொந்தத்தில் ஒரு சாவு என்று காதில் விழுந்தால் அந்த நேரத்திலிருந்து துடக்கு, தீட்டு. துடக்குக்காரி தொட்ட பலகாரம் கல்யாண வீட்டுப் படி ஏறாது. கேள்விப்படும்வரை துடக்கு இல்லை. அப்படித்தான் எங்கள் சனம் சொல்லும்.

ஓடர் கிடைத்த அதே கிழமை அப்பாவுக்கு நோய் கடுமையாகிவிட்டது. மூதூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தம்பி சொன்னான். "அக்கா, நீங்க வேலையைப் பாருங்கோ. சும்மா சும்மா கோல் எடுத்துக் குழப்ப மாட்டன். ஏதும் எண்டால் மட்டும் எடுக்கிறன்." ஓடர் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைக் கட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்து, கட்டைபறிச்சான் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை லட்டுக்குப் பாகு காய்ந்துகொண்டிருந்தது. அலுமாரியில் போன் அதிரத் தொடங்கியது. என்னோடு வேலை செய்பவ கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் முஸ்லிம் பெண், என்னைவிட மூத்தவ. போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கட தம்பி, புள்ள" என்றா.

நான் அசையவில்லை. நின்றது. திரும்பவும் அதிர்ந்தது.

"என்ன புள்ள இது, அடிச்சிட்டே கிடக்கு. தூக்குங்களேன்."

"தூக்க ஏலாது."

"ஏன்?"

"அப்பா செத்திட்டார் எண்டு சொல்லுவான். அதைக் கேட்டால் துடக்கு. இவ்வளவையும் கொட்ட வேண்டியதுதான்."

அவ கையிலிருந்த அரிதட்டைக் கீழே வைத்தா. "யா அல்லாஹ்! கேக்காட்டி மௌத்து இல்லையா?" என்றா. நான் பாகைத் தொட்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். நல்ல பதம்.

எனக்குப் பயமாக இருந்தது. அப்பா போய்விட்டார் என்ற பயம் இல்லை. ஓடர் போய்விடும் என்ற பயம்தான். அழுகை வரவில்லை. வந்தால் அடக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கும் வேலை இருக்கவில்லை. உடம்புக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. லட்டைப் பிடித்தேன். எல்லாம் ஒரே அளவாக வந்தன. இறங்குதுறைப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. அவ என்னோடு கதைக்காமல் முறுக்கை அடுக்கினா.

ஒன்றரைக்கு ஓட்டோ வந்தது. பெட்டிகளை ஏற்றி, லட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். வழியில் கைப்பைக்குள் போன் இன்னொரு தரம் அதிர்ந்தது. பெட்டி சரியக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கல்யாண வீட்டு வாசலில் நின்றேன். பெண்ணின் தாய் மணிக்கூட்டைப் பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றாள். ஒரு லட்டை உடைத்து வாயில் போட்டாள். இனி எங்கள் வீட்டில் எல்லாத்துக்கும் நீர்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்து சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். மூன்றும் பத்துக்குத் தம்பிக்கு எடுத்தேன். என்ன கேட்கப் போகிறேன் என்று தெரியும், அதனால் கதிரையில் அமர்ந்துகொண்டே எடுத்தேன்.

"அக்கா, எத்தனை தரம் எடுத்தனான். ஏன் தூக்கேல்லை?"

"வேலை."

"அப்பா போயிட்டார் அக்கா."

"எத்தனை மணிக்கு?"

இப்படித்தான் கேட்டேன். அப்பா செத்த செய்திக்கு என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் அதுதான்.

"ரெண்டு மணிக்கு. இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு முதல்."

"அப்ப காலமை எடுத்தது?"

"காலமை நல்லா முழிச்சிருந்தவரல்லோ. கஞ்சியும் குடிச்சவர். அக்காவோட கதைக்க வேணும், எடுத்துத் தா எண்டு கேட்டவர். அதுக்குத்தான் எடுத்தனான்."

காலையில் சாவே இல்லை. துடக்கும் இல்லை. பாகை இறக்கி வைத்துவிட்டு அப்பாவோடு கதைத்திருந்தாலும் லட்டு இரண்டு மணிக்குப் போயிருக்கும். இதை யாரும் எனக்கு விளங்கப்படுத்த வேண்டி இருக்கவில்லை. நேரக் கணக்கில் நான் இப்போது கெட்டிக்காரி.

தம்பி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான். "நீங்க தூக்கேல்லை எண்டதும் அவர் கோவிக்கேல்லை அக்கா. அவளுக்கு வேலை, நாலு மணிக்குப் பிறகு எடுப்பம் எண்டவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நாலு ஆச்சோ, நாலு ஆச்சோ எண்டு கேட்டபடியே கிடந்தவர். எனக்கு மனம் கேக்கேல்லை. ஒண்டே முக்கால் போல, ஓம் அப்பா, நாலு ஆச்சு எண்டு பொய் சொன்னன். அப்ப எடு எண்டவர். எடுத்துக் காதில வைச்சனான். அடிச்சு முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்."

ஓட்டோவில், பெட்டி மடியில் இருக்கும்போது அதிர்ந்தது அதுதான்.

கிண்ணியாக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை வைத்தா. "வாங்க புள்ள, பஸ்ஸில நானும் வாறன்" என்றா. சீலை மாற்ற எழும்ப வேண்டும் என்று தெரிந்தது. எழும்பவில்லை. சுவரில் தாள் ஒட்டியிருந்தது. மணிக்கூட்டில் மூன்றே கால். நாலு மணி ஆவதற்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.