பெட்டிக்குள் போன சீட்டு

கிராக்கோவில் எங்கள் அகராதி அலுவலகத்தில் தெயோஃபிலா குரெக் பத்தொன்பது வருஷமாகச் சொற்களின் பிறப்பைத் துருவிக்கொண்டிருந்தாள். ராணுவச் சட்டம் வந்த குளிர்காலத்தில், விரல் நுனி வெட்டிய கையுறையோடு அவள் எழுதிக்கொண்டிருந்த சொல் ‘தோப்ரோவோல்னி’. தோப்ரா என்றால் நல்ல. வோலா என்றால் விருப்பம். இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல். யாரும் நெருக்காமல், மனதாரச் செய்வது. ஐந்நூறு வருஷமாக அந்தச் சொல் வந்த வாக்கியங்களைச் சீட்டுச் சீட்டாக எழுதிச் சேர்த்திருந்தாள். ஒன்றில் மடத்துக்கு நிலம் கொடுத்த ஒரு விதவை. ஒன்றில் போருக்குக் கிளம்பிய ஒரு கொல்லன்.

ஒரு புதன்கிழமை காலை இயக்குநர் கய்தா எங்கள் மேசைகளில் ஆளுக்கொரு தாளை வைத்தார். ‘தொழிற்சங்கத்திலிருந்து என் விருப்பப்படி விலகுகிறேன்.’ அங்கேயும் அதே தோப்ரோவோல்னி.

“மத்தியானத்துக்குள்ள கையெழுத்து வேணும். இல்லாட்டி வேலை இல்ல.”

மூன்று பேர் போட்டோம். நான் இரண்டாவது.

தெயோஃபிலா ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். கண்ணால் பார்த்த வாக்கியத்தை, எங்கே, என்றைக்கு, யாருடையது என்ற விவரத்தோடு எழுதிப் பெட்டியில் சேர்ப்பது எங்கள் வேலை. தாளிலிருந்த வரியை அப்படியே எழுதினாள். கீழே: ‘இயக்குநர் கய்தா கொடுத்தது. மறுத்தால் வேலை போகும் என்றார்.’ தேதியும் பெயரும் போட்டு, கொல்லனுக்குப் பின்னால் செருகினாள்.

“என்ன விளையாட்டு இது தெயோஃபிலாம்மா? வெளிய எடுங்க!”

“எடுக்கலாமே டைரக்டர் சார். உள்ள போன சீட்ட எடுக்கணும்னா நீங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். விதி நீங்க போட்டதுதான்.”

“நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

“நானும் அதையேதான் கேக்கறேன்.”

யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது. கய்தாவின் காது சிவந்துவிட்டது.

“உங்க பொண்ணு இன்னும் காலேஜ்ல படிக்கறா. ஞாபகம் இருக்கட்டும்.”

“மத்த ஆபீஸ்லல்லாம் இந்தத் தாள் வந்தாச்சுன்னு கேள்விப்பட்டு நேத்து ராத்திரியே அவகிட்டதான் கேட்டேன். ‘போட்டுட்டு வந்து என் மூஞ்சில முழிக்காதே’ன்னுட்டா.”

பன்னிரண்டுக்கு மாதா கோயில் கோபுரத்தில் மணிக்கொரு தரம் ஊதும் எக்காளம் ஒலித்தது. அவள் தாளைக் கையெழுத்தில்லாமலே திருப்பி வைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இப்போது நகராட்சி நீச்சல்குளத்தில் வருகிறவர்களின் கோட்டை வாங்கி எண்வில்லை கொடுக்கிறாள். பேச்சு மட்டும் குறையவில்லை. ஈரத் தலையோடு வெளியே போகிறவர்களையெல்லாம் திட்டுகிறாள்.

அகராதியில் அவள் கவனித்துவந்த எழுத்தின் சொற்களும் சீட்டுப் பெட்டியும் என்னிடம் வந்தன.

“அச்சுக்குப் போகுமுன்ன அந்தச் சீட்டக் கிழிச்சுடுப்பா” என்றார் கய்தா.

“எழுதிக் கொடுங்க சார்” என்றேன்.

மூன்று வாரமாகிறது. அவர் எழுதித் தரவில்லை.